எண்ணெய் முள்

ஆகஸ்ட் மாதத்தில் துபாய்க் கடலில் இறங்கினால் உடம்பு குளிராது. வெந்நீர்த் தொட்டியில் யாரோ உப்பைக் கரைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். கரையோரத் தண்ணீரின் சூடே 33, 34 டிகிரி வரும். அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு 500 குதிரைத்திறன் எஞ்சினின் எண்ணெயை ஆற்ற வேண்டும். பதினோரு வருஷம் அதுதான் என் பிழைப்பு.

நான் தூத்துக்குடிக்காரன். மாமா விசைப்படகில் எஞ்சின் டிரைவராக இருந்தார். அசோக் லேலண்ட் டீசல். வலையை இழுத்துக்கொண்டு எருமை மாதிரி நிதானமாகப் போகும். எண்ணெய்ச் சூட்டைக் காட்ட அந்தப் படகில் மீட்டர் கிடையாது. மாமா எப்போதாவது குனிந்து, எண்ணெய் தங்குகிற சம்ப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைப்பார். கையை எவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டியிருக்கிறது என்பதை வைத்து ஒரு முடிவுக்கு வருவார். டிப்ஸ்டிக்கை உருவி, எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து முகர்ந்து பார்ப்பார். எங்கள் ஊரில் எண்ணெய் சாஸ்திரம் அவ்வளவுதான்.

அந்தப் படிப்போடு துபாயில் போய் இறங்கினேன். முதல் நாள் பார்த்த படகு 9 மீட்டர் நீளம். பின்பக்க மூடியைத் தூக்கினால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு வி8 பெட்ரோல் எஞ்சின்கள். ஒவ்வொன்றும் 8.2 லிட்டர், செவர்லே காரிலும் லாரியிலும் ஓடிய பெரிய பிளாக்கின் வழிவந்தவை. ஸ்டீயரிங்குக்கு முன்னால் கடிகாரக் கடை மாதிரி மீட்டர்கள். மாமா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். எங்கள் ஃபோர்மேன், கொல்லத்துக்காரர், முதல் வாரமே சொல்லிவிட்டார்: "மோனே, தண்ணி முள்ளை எல்லாரும் பாப்பாங்க. நீ எண்ணெய் முள்ளைப் பாரு."

அது ஏன் என்று புரிய எனக்கு நாளானது. காரில் ஓடுகிற எஞ்சின்தானே, அங்கே பெரும்பாலும் ஆயில் கூலர் இல்லாமலேயே ஓடுகிறதே என்று நானும் கேட்டவன்தான். காரை நினைத்துப் பாருங்கள். சமதரையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போக 25 குதிரைத்திறன் இருந்தால் தாராளம். முழு சக்தியையும் கேட்பது ஒரு பஸ்ஸை முந்துகிற நேரத்தில், சில விநாடிகள். படகு காற்றைக் கிழிப்பதில்லை, தண்ணீரைக் கிழிக்கிறது. தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல எண்ணூறு மடங்குக்கும் மேல். மூக்கைத் தூக்கிக்கொண்டு நீர்ப்பரப்பின் மேல் வழுக்கிப் போவதற்கே பாதிச் சக்திக்கு மேல் கேட்கும், அதுவும் நிறுத்தாமல், மணிக்கணக்காக. படகுக்குச் சமதரை என்று ஒன்று கிடையாது. கிளம்பியது முதல் நிறுத்துகிறவரை ஏற்காடு மலையேற்றம்தான், அதுவும் பின்னால் ஒரு டிரெய்லரைக் கட்டிக்கொண்டு. காரின் சம்ப்புக்கு அடியிலாவது காற்று அடிக்கும். படகில் எஞ்சின் உட்கார்ந்திருப்பது மூடிய பெட்டிக்குள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 500 குதிரைத்திறன் என்பது 373 கிலோவாட். அதில் இருபதில் ஒரு பங்குக்குச் சமமான சூடு எண்ணெயில் ஏறினாலே 18 கிலோவாட்டைத் தாண்டும். குளியலறை கீசர் 2 கிலோவாட். முக்கால் குடம் எண்ணெய்க்குள் ஒன்பது கீசர்களை இறக்கி ஸ்விட்சைப் போட்ட கதை.

அந்த எண்ணெய் செய்ய வேண்டிய வேலையோ மிக நுணுக்கமானது. சுற்றுகிற கிராங்குக்கும் அதைத் தாங்குகிற பேரிங்குக்கும் நடுவே சில மைக்ரான் கனத்தில் ஒரு படலமாக நிற்க வேண்டும். தலைமுடியே எழுபது மைக்ரான் இருக்கும். அந்தப் படலம் இருக்கிற வரைக்கும் இரும்பு இரும்பைத் தொடாது. சூடு ஏற ஏற எண்ணெய் நீர்த்துப்போகும். 40 கிரேடு எண்ணெய் 100 டிகிரியில் இருக்கிற கெட்டியில் பாதிகூட 140 டிகிரியில் இருக்காது. இன்னொன்று: பத்து டிகிரி கூடினால் எண்ணெய் கெட்டுப்போகிற வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லாரும் சொல்கிற கணக்கு. முள் 135-ல் நிற்கிற எஞ்சினில் படகுக்காரர் கண்ணுக்கு எதுவும் தெரியாது, சத்தம்கூட மாறாது. பேரிங் தட்டுகிற சத்தம் கேட்கும்போது மெக்கானிக்குக்குப் பெரிதாக வேலை இருக்காது. எஞ்சினை இறக்குகிற கிரேனுக்குத்தான் வேலை.

இத்தனைக்கும் மருந்தாக இருக்கிற ஆயில் கூலர் பார்வைக்கு ஒன்றுமில்லாத சாமான். சப்பாத்திக் கட்டையைவிடக் கொஞ்சம் பெரிய உலோக உருளை. உள்ளே மெல்லிய செம்பு-நிக்கல் குழாய்கள் கட்டுக்கட்டாக இருக்கும். குழாய்களுக்குள்ளே கடல் தண்ணீர், வெளியே சுற்றிலும் எண்ணெய். தண்ணீரை இறைப்பது ரப்பர் இம்பெல்லர், பூவிதழ் மாதிரி வளைந்துகொடுக்கிற ஒரு சக்கரம். கடலிலிருந்து உறிஞ்சிய தண்ணீர் முதலில் கூலருக்குப் போகும், பிறகு எஞ்சினைச் சுற்றும், கடைசியில் எக்ஸாஸ்ட் புகையோடு கலந்து கடலுக்கே திரும்பும்.

உப்புதான் இதற்கு எமன். உப்பு அரிக்க வேண்டிய இடத்தில் தானே அரிபட்டுக்கொள்ள ஒரு துத்தநாகக் குச்சியைச் செருகியிருப்பார்கள். குச்சி கரைந்தபின் மாற்ற மறந்தால் அடுத்தது குழாயின் முறை. குழாயில் ஊசித்துளை விழுந்தால் படகு ஓடும்போது ஒன்றும் தெரியாது; எண்ணெயின் அழுத்தம் தண்ணீரைவிட அதிகம் என்பதால் எண்ணெய்தான் கடலுக்குப் போகும், பின்னால் வானவில் படலம் மிதக்கும். நிறுத்தியபின் அழுத்தம் போய்விடும், தண்ணீர் உள்ளே வரும். மறுநாள் டிப்ஸ்டிக்கை உருவினால் பால்காப்பி.

சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதே, சூடு ஒரு பிரச்சினையா என்று படகுக்கு வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அவர்களுக்கு ஒரு பழைய கதை. 1929-இல் பந்தயத்துக்காகக் கட்டிய சூப்பர்மரீன் எஸ்.6 கடல் விமானத்தில் ரோல்ஸ் ராய்ஸ் ஆர் எஞ்சின் இருந்தது. அதன் தண்ணீரை ஆற்ற இறக்கையின் மேற்பரப்பையே ரேடியேட்டராக ஆக்கினார்கள். எண்ணெயை ஆற்ற உடலின் இரு பக்கமும் கூலர்கள் ஓடின. அந்த விமானம் முழுக்கவே ஒரு ரேடியேட்டர்தான். அதே வகை எஞ்சினைப் பிரிட்டிஷ் பந்தயக்காரர் மால்கம் கேம்பல் தன் புளூ பேர்டு படகில் வைத்து 1937 செப்டம்பரில் மஜ்ஜோரே ஏரியில் உலக வேகச் சாதனை செய்தார். விமானத்துக்கு இறக்கை முழுக்கத் தேவைப்பட்டது. படகுக்கு ஓர் ஏரியே கிடைத்தது. ஆனால் ஏரி வெளியே இருக்கிறது, சூடு உள்ளே இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு பம்பும் சில குழாய்களும்தான். அவற்றில் ஒன்று அடைத்தால் ஏரி இருந்தும் பயனில்லை.

அடைத்த கதைக்கு வருகிறேன்.

எங்களிடம் வழக்கமாக வருகிற ஓர் அர்பாபின் படகு. அர்பாப் என்றால் அங்கே முதலாளி. வலது எஞ்சினில் எண்ணெய் முள் பதினைந்தே நிமிஷத்தில் 135-ஐத் தொடுகிறது, இடது 110-ல் நிற்கிறது என்று கொண்டுவந்தார். தண்ணீர் முள் இரண்டிலும் 70, பரம சாது. முதலில் மீட்டரைச் சந்தேகித்தோம், சென்சாரை மாற்றினேன். பிறகு எண்ணெயைச் சந்தேகித்தோம், அதையும் மாற்றினேன். "கூலரைப் பாத்தியா?" என்று கேட்டார் ஃபோர்மேன். பார்த்தேன் என்றேன். டார்ச் அடித்துப் பார்த்தது உண்மை. தண்ணீர் வெளியே வருகிற முனையில் பார்த்தேன், பளபளவென்று இருந்தது. உள்ளே போகிற முனையைப் பார்க்க எக்ஸாஸ்ட்டின் மேல் குப்புறப் படுக்க வேண்டும். ஆகஸ்ட் மாதம், பகல் இரண்டு மணி. படுக்கவில்லை.

சரி, கூலர் போதவில்லை என்று முடிவாயிற்று. என் யோசனைதான். அதைவிட ஒன்றரை மடங்கு பெரிய கூலர் வாங்கி மாட்டினேன். முள் 108-க்கு இறங்கியது. அர்பாப் தோளில் தட்டினார். பழைய கூலரைத் துடைத்து ஷெல்ஃபில் வைத்தேன்.

ஜனவரியில் அதே படகு திரும்பி வந்தது. இப்போது கடல் தண்ணீர் 22 டிகிரி. தூண்டில் போடுகிறேன் என்று அர்பாப் மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தார். வலது எஞ்சினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் வெளிர்ப் பழுப்பில் ஏடு படிந்திருக்கிறது. எனக்கு வயிறு கலங்கியது. புதுக் கூலரில் ஓட்டையா? சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன்; சடசடவென்று பொரிந்தது. எண்ணெயில் தண்ணீர் இருக்கிறது. கூலரைக் கழற்றி அழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

ஃபோர்மேன் எண்ணெய் முள்ளைத்தான் கேட்டார். ஒரு வாரமாக 65, 70-ஐத் தாண்டவில்லை என்றார் அர்பாப், பெருமையாக. இடது எஞ்சின்? அது 95.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எஞ்சின் ஓட ஓட எண்ணெய்க்குள் நீராவியும் எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். எண்ணெய் நூறு டிகிரிக்குப் பக்கத்தில் போய்வந்தால்தான் அவை ஆவியாகி வெளியேறும். ஆறிப்போன எண்ணெயில் இரண்டும் தங்கிவிடும்; தண்ணீர் மோர் மாதிரி கலங்கும், பெட்ரோல் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். நான் பெரிய கூலரை மாட்டி எண்ணெயைக் காப்பாற்றவில்லை. வேறு வழியில் கெடுத்திருக்கிறேன்.

அம்மா வடை சுடும்போது ஒரு துளி மாவைக் கிள்ளி எண்ணெயில் போட்டுப் பார்ப்பார். அடியில் தங்கினால் எண்ணெய் காயவில்லை, உடனே கருகினால் மிஞ்சிவிட்டது. ஊரில் எல்லா வீட்டிலும் தெரிந்த இந்த விஷயம், கூலர் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு மறந்துபோனது. குளிர்விக்கிற சாதனம், ஆகவே எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்துவிட்டேன். பெயரைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். வடை எண்ணெய்க்கு 170, 180 டிகிரி வேண்டும். எஞ்சின் எண்ணெய்க்கு 100-லிருந்து 115. அப்பளம்கூடப் பொரியாத சூடு. ஆனால் பதம் பதம்தான்.

இதற்குத் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு உண்டு. எண்ணெய் ஏறத்தாழ 82 டிகிரியைத் தொடும் வரை கூலருக்குப் போகிற வழியை அது பெரும்பாலும் அடைத்தே வைத்திருக்கும். பிறகுதான் திறக்கத் தொடங்கும். குளிர்ந்த ஏரிகளில் படகு ஓட்டுகிறவர்களுக்கு இது அரிச்சுவடி. வளைகுடாவில் கோடையை மட்டுமே நினைத்து வேலை செய்கிற எங்களுக்குப் புதுப்பாடம்.

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். சென்சார் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் யார் சொல்லும் எண்ணெய்ச் சூட்டையும் நம்பாதீர்கள். கூலரிலிருந்து வெளியே வருகிற ஹோஸில் அதைச் செருகிவிட்டு, என் எஞ்சின் 85-ஐத் தாண்டுவதே இல்லை என்று மார்தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குளித்துவிட்டு வந்தவனுக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி அது. சம்ப்பில் பார்க்க வேண்டும், அல்லது கூலருக்குள் போகும் முன்.

தெர்மோஸ்டாட் வருவதற்காகக் காத்திருந்த நாட்களில் பட்டறையைச் சுத்தம் செய்தோம். செம்பு, பித்தளை எல்லாம் காயலான் கடைக்குப் போகிற குவியலில் சேர்ந்தது. ஷெல்ஃபில் இருந்த பழைய கூலரை எடுத்துச் சாய்த்தேன். உள்ளே ஏதோ ஒட்டியிருந்தது. தரையில் ஒரு தட்டுத் தட்டினேன். இரண்டு கறுப்பு ரப்பர் துண்டுகள் விழுந்தன.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஜூன் மாதம் அந்தப் படகின் இம்பெல்லரை மாற்றியவன் நான்தான். பழைய இம்பெல்லரில் சில இதழ்கள் பிய்ந்திருந்தன. பிய்ந்தவை எக்ஸாஸ்ட் வழியாகக் கடலுக்குப் போயிருக்கும் என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன். அவை போனது கூலரின் முதல் முனைக்கு. குழாய்க்கட்டின் பாதியை மூடிக்கொண்டு, நான் குப்புறப் படுக்காத அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன.

ஃபோர்மேன் திட்டவில்லை. அர்பாபுக்குப் போன் போட்டு உள்ளதை உள்ளபடி சொன்னார். பழைய கூலரைக் கழுவி, சோதித்து, திரும்ப மாட்டினோம். இரண்டு எஞ்சினுக்கும் தெர்மோஸ்டாட் வைத்தோம். அடுத்த ஆகஸ்டில் இரண்டு முள்ளும் 110-க்குப் பக்கத்தில் சேர்ந்தே நின்றன. பெரிய கூலருக்கு வாங்கிய பணம் அர்பாபுக்குத் திரும்பிப் போனது, பாதி பட்டறைக் கணக்கில், பாதி என் சம்பளத்தில்.

பழைய இம்பெல்லரை எதற்கோ டூல் பெட்டியில் போட்டுவைத்திருந்தேன். ஃபோர்மேன் அதை வாங்கி விரலால் எண்ணினார். பத்து இதழில் மூன்று இல்லை. கூலரிலிருந்து விழுந்தது இரண்டு. மூன்றாவதை அந்த எஞ்சினின் தண்ணீர் வழி முழுக்க, குப்புறப் படுத்தும் தேடினேன். கிடைக்கவில்லை.