நானூறாவது கட்டம்

மதுரையில் நாங்கள் முதுகலைத் தமிழ் பயின்ற 2003இல், அகநானூற்றின் திணை வைப்பை ஒரே படமாக்கிக் காட்டும் பணி எங்கள் நால்வருக்குக் குழுத்திட்டமாக வாய்த்தது. மாசி வீதியில் வாங்கிய பெரிய கட்டத்தாள், வரிசைக்குப் பத்தாக 400 கட்டங்கள், திணைக்கொரு வண்ணம்.

ஒற்றைப்படை எண்கள் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவன குறிஞ்சி. நான்கில் முல்லை, ஆறில் மருதம், பத்துப் பத்தாய் வருவன நெய்தல். மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர் செய்த அவ்வொழுங்கு, தீட்டத் தீட்ட நேர்க்கோடுகளாய் எழுந்தது. (நெய்தலுக்கு நீலம் என்பதில் பிணக்கில்லை, பாலைக்கு எது என்பதில் ஒரு மாலை கழிந்தது.)

120ஆம் பாட்டோடு களிற்றியானை நிரை முடிகிறது. மணிமிடை பவளம் தொடங்கும் இடத்தில் எங்கள் கோடுகள் ஒரு கட்டம் விலகி நின்றன. துள்ளினோம். பிற்பகுதியைத் தொகுத்தவர் வேறொருவர் என்று ஆறு பக்கம் எழுதியும்விட்டோம்.

மேலூர்ப் பக்கத்து நண்பர், நடவு வேலையால் பாதி நாள் வரவில்லை. அவர் பெயரை விட்டுவிடுவதென ஏனைய மூவரும் முடிவு செய்திருந்தோம். ஒப்படைப்பதற்கு முந்தைய இரவு வந்து படத்தை நெடுநேரம் பார்த்தவர், "ஏம்ப்பா, கடைசிக் கட்டம் வெள்ளையாக் கெடக்கு?" என்றார்.

121ஆம் பாட்டை விட்டுவிட்டிருந்தோம்.

அதையும் நீலமாக்கிவிடலாம், யார் எண்ணப் போகிறார்கள் என்றார் எங்களில் ஒருவர். மறுத்துரைக்க எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. பின்பு புதுத்தாள் ஒட்டி, விடியும்வரை 280 கட்டங்களை மீண்டும் தீட்டினோம். ஆறு பக்கங்களும் குப்பைக்குப் போயின.

நண்பர் பெயரையும் சேர்த்தோம். மூன்று பெயருக்கே அளந்துவிட்ட இடமாதலால், நான்காவது பெயர் ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டிருந்தது.