படக்கடையில் குப்பை சேராத காலம்

தை பிறந்தால் போதும், கோவில்பட்டியில் படத்துக்குக் கண்ணாடி போடும் கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். சிவகாசியில் அச்சான காலண்டரில் தேதித்தாள் தீர்ந்திருக்கும். முருகனும் மீனாட்சியும் பளிச்சென்று அப்படியே இருப்பார்கள். அந்தச் சாமிகளை வரைந்த கொண்டையராஜு (1898–1976) எங்கள் ஊரில் வாழ்ந்தவர். அவர் படத்தைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்?

கடைக்கார அண்ணாச்சி சட்டத்துக்கு எடுப்பது பெரும்பாலும் இடித்த வீட்டுத் தேக்கு. உத்திரம், நிலை, கதவு என்று வந்ததையெல்லாம் இழைத்துவைத்திருப்பார். மூலை சேர 45 டிகிரி சாய்த்து அறுக்கும்போது உதிரும் தூள் கீழே விரித்த சாக்கில் விழும். சாயங்காலம் அது டீக்கடையின் மரத்தூள் அடுப்புக்குப் போய்விடும். கண்ணாடியை வைர முனையால் கீறி, விரலால் ஒரு சுண்டு. மிஞ்சிய துண்டு சின்னப் பிள்ளையார் படத்துக்கு ஆகும். முதுகுக்குத் துணிக்கடை அட்டை, அதன்மேல் பழைய தினத்தாள். ஒட்டுவதற்கு மைதாப் பசை. பூச்சி அண்டாமலிருக்கத் துளி மயில்துத்தம்.

ஒருமுறை அம்மா, கண்ணாடி உடைந்த படத்தைக் கொடுத்து, "புதுச் சட்டமே போட்ருங்க அண்ணாச்சி" என்றாள்.

"என்னத்துக்குக்கா? கட்டை திடமால்லா இருக்கு. கண்ணாடிய மட்டும் மாத்துவோம்."

குறடால் ஆணிகளைப் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, அதே ஆணிகளையே அடித்துக் கொடுத்தார். மரத்துக்குக் கொடுத்த காசு வீணாகக் கூடாது என்பதுதான் அவர் கணக்கு. ஊருக்கும் அது நல்லதாக முடிந்தது.

இன்று கடைகளில் தொங்குவது சிந்தெடிக் பிரேம்; பாலிஸ்டைரீனில் வார்த்தது. பழைய தெர்மோகோலை உருக்கிச் செய்வதும் உண்டு, அந்த மட்டுக்கும் நல்லதுதான். ஆனால் மூலை விட்டுப்போனால் இழைத்துச் சேர்க்க வழியில்லை, எரித்தால் கரும்புகை. மரத்துக்குக் கிடைத்த இரண்டாவது வாழ்வு அந்தச் சட்டத்துக்கு அவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய தேக்குச் சட்டம் கிடக்கலாம். அடுத்த படத்துக்கு அதையே கடைக்கு எடுத்துப் போங்கள். கண்ணாடிக்கும் கூலிக்கும் கொடுத்தால் போதும்.