கொடுத்தலும் விடுதலும்

ஆங்கிலத்தில் 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. சேர்த்துச் சொன்னால் வருவதோ 'விட்டுவிடு'. வினையோடு ஒரு சிறுசொல் ஒட்டி வேறு பொருள் தரும் இத்தகைய 'ஃப்ரேசல் வெர்ப்'கள் அயலாருக்குப் பெருந்தொல்லை என்று சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டு அகராதியின் முன்னுரையிலேயே குறிப்பிட்டுவிட்டார். நம் துன்பம் புதிதன்று.

இலக்கணத்தைப் பழகிவிடலாம். விடப்படும் பொருளின் பெயர் இவ்விரு சொற்களுக்குப் பின்னும் வரும், நடுவிலும் வரும். 'இட்' போன்ற சுட்டுப்பெயரானால் நடுவில் மட்டுமே வரும். வசதியுள்ளோர் சமையல் எரிவாயு மானியத்தை விட்டுக்கொடுக்க வேண்டி 2015இல் இந்திய அரசு தொடங்கிய இயக்கத்தின் பெயர் 'கிவ் இட் அப்' என்றே அமைந்தது. 'கிவ் அப் இட்' என்பது பிழை. பழக்கத்தை விடுவதானால் 'கிவ் அப் ஸ்மோக்கிங்' எனல் வேண்டும். 'டு ஸ்மோக்' ஆகாது.

சிக்கல் பொருளில் இருக்கிறது. மானியத்தை விட்டுக்கொடுக்கிறோம்; புகைப்பதை விட்டொழிக்கிறோம்; விடுகதைக்கு விடை தெரியாதபோது தோல்வியை ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்துக்கு மூன்றும் ஒன்றே. தமிழோ, விடுபவரின் மனநிலையைக் கேட்காமல் சொல்லைத் தருவதில்லை.

எட்டாம் எட்வர்ட் மன்னர் வாலிஸ் சிம்ப்சனை மணப்பதற்காக 1936 டிசம்பரில் பிரிட்டனின் அரியணையை விட்டிறங்கினார். ஆங்கிலத்தில் 'கிவ் அப்' எவர் பக்கமும் சாயாமல் நிற்கும். தமிழில் 'துறந்தார்' என்றால் காதலுக்காகச் செய்த தியாகம்; 'கைவிட்டார்' என்றால் கடமை தவறிய குற்றம். மொழிபெயர்ப்பவர் தீர்ப்பும் எழுதியாக வேண்டும்.

இதே வினை 'ஆன்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டு மனிதர்மீது பாயும்போதுதான் நமக்கு அச்சம் எழுகிறது. 'கிவ் அப் ஆன்' என்றால் ஒருவர்மேல் வைத்த நம்பிக்கையை விடுதல். தேர்வு முடிவுகள் வரும் நாள்களில் ஆசிரியர் அறைகளில் அடிக்கடி காதில் விழும் தொடர் இது. ஆங்கிலத்தில் சொன்னால், முயன்று ஓய்ந்தவரின் பெருமூச்சுப் போல ஒலிக்கிறது. பழி மாணவன்மேல் போய்ச் சேர்கிறது. அதையே தமிழில் 'அவனைக் கைவிட்டுவிட்டோம்' என்று சொல்லிப் பார்த்தால் நாக் கூசுகிறது. விட்டது எவர் கை என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆசிரியராகிய நாம் ஒரு மாணவனைப் பற்றி அந்த ஆங்கிலத் தொடரைச் சொல்லுமுன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். கூச்சம் தடுத்தால், இன்னும் ஒரு பருவம் அவனோடு முயலலாம்.