பத்து ரூபாய்ச் சாப்பாடு

மதுரை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மீனாட்சி அம்மன் கோயில், ஜிகர்தண்டா, ராத்திரி ரெண்டு மணிக்குக் கொத்துப் பரோட்டா தட்டுகிற சத்தம். எனக்கு இருபது ரூபாய்க் கடன் ஞாபகம் வரும்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2016 நவம்பர் முதல் வாரம். அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். பரமக்குடியில் பலசரக்குக் கடை ஒன்றில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். மூட்டை தூக்குகிற ஆளுக்குத்தான் குடலிறக்கம் வரும் என்று நினைத்திருந்தேன். பேரேடு தூக்கினாலும் வருமாம். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். நான் பி.காம். முடித்து, வேலை தேடும் வேலையில் மும்முரமாக இருந்தேன். எனவே துணைக்கு இருக்கும் பதவி ஏகமனதாக எனக்கே வழங்கப்பட்டது.

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவனுக்கு ரெண்டே பிரச்னை. ஒன்று தூக்கம், இன்னொன்று சாப்பாடு. தூக்கத்துக்கு வராந்தா இருக்கிறது. சாப்பாட்டுக்கு முதல் நாள் வெளியே ஒரு ஓட்டலில் எழுபது ரூபாய் கொடுத்தேன். ரெண்டாவது தடவை சாதம் கேட்டபோது சர்வர் பார்த்த பார்வையில் பாதிப் பசி அடங்கிவிட்டது.

பக்கத்து பெட் பெரியவரின் மகன்தான் சொன்னார்: "என்ன தம்பி, எழுவது ரூவாயா? அண்ணா பஸ் ஸ்டாண்டு பக்கம் ராமு தாத்தா கடைன்னு கேளுங்க. பத்து ரூவா. வயிறு நெறயச் சாப்பிடலாம்."

பத்து ரூபாயா? அந்தக் காசுக்கு ஒரு டீயும் வடையும் சேர்ந்து வராது. 'அண்ணன் நக்கல் பண்றார்' என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் நடந்தேன்.

அண்ணா பஸ் ஸ்டாண்டைப் பற்றி ஒரு வார்த்தை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு காலத்தில் மதுரை என்றாலே அந்த பஸ் ஸ்டாண்டுதான். கலெக்டர் ஆபீஸ் கிட்டத்தில், பெரிய ஆஸ்பத்திரி கிட்டத்தில். மனு கொடுக்க வந்தவர், மருந்துச் சீட்டோடு வந்தவர், கூலி வேலைக்கு வந்தவர் என்று பையில் காசு குறைவாகவும் மனசில் கவலை நிறையவும் வைத்திருப்பவர்கள் நடமாடுகிற இடம். 1999-ல் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வந்த பிறகு இதன் மவுசு குறைந்துபோனது. கவலையோடு வருகிறவர்கள் மட்டும் குறையவில்லை.

இந்த இடம் பார்த்துத்தான் ராமு என்பவர் 1967-ல் சாப்பாட்டுக் கடை போட்டார். திருமங்கலம் பக்கம் வில்லூர்க்காரர். வள்ளலார் மேல் ஈடுபாடு, அதுதான் காரணம் என்று சொல்வார்கள். வடலூரில் வள்ளலார் தருமச்சாலை ஆரம்பித்தது 1867-ல். சரியாக நூறு வருடம் கழித்து மதுரையில் ஒருவர் இலை போடுகிறார். அங்கே இலவசம், இங்கே ஒன்றே கால் ரூபாய். அந்த ஒன்றே கால்தான் பல வருடங்களில் மெதுவாக நகர்ந்து நகர்ந்து பத்து ரூபாயில் வந்து நின்றது. கிட்டத்தட்ட ஐம்பது வருடத்தில் எட்டு மடங்கு. அதே காலத்தில் தங்கம் இருநூறு மடங்குக்கு மேல் ஏறியது சார்!

கடை என்றால் போர்டு, கல்லாவுக்கு மேலே லட்சுமி படம், 'கடன் அன்பை முறிக்கும்' என்றெல்லாம் கற்பனை செய்யாதீர்கள். சின்ன இடம். சாதம், சாம்பார், ரசம், மோர், ஒரு காய். அவ்வளவுதான். எண்பதைத் தாண்டிய ஒருவர் பக்கத்தில் வந்து பரிமாறுகிறார். ரெண்டாவது தடவை கேட்டேன். மூன்றாவது தடவை நான் கேட்கவே இல்லை, சாதம் வந்து விழுந்தது. எழுபது ரூபாய் சர்வர் முகம் ஞாபகம் வந்தது. குனிந்து சாப்பிட்டேன். கண் கலங்கியதற்கு சாம்பாரில் காரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் கணக்குப் போடுவான். அன்று ராத்திரி வராந்தாவில் படுத்துக்கொண்டு, ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் 'அடக்கவிலை' போட்டுப் பார்த்தேன். என்னைப் போல ஒருத்தன் தின்கிற அரிசிக்கே எட்டு ரூபாய் ஆகிவிடுகிறது. துவரம்பருப்பு முந்தின வருடம்தான் கிலோ 200 ரூபாய் வரைக்கும் போய்விட்டு, அப்போதுதான் கொஞ்சம் இறங்கியிருந்தது. புளி, மிளகாய், காய், மோர், அடுப்பு எரிக்கிற செலவு... வாடகை வரைக்கும் நான் போகவே இல்லை, அதற்குள் நஷ்டம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் அறுபத்தெட்டு மார்க் வாங்கியவன் நான். என் கணக்குப்படி அந்தக் கடை 1967-லேயே மூடியிருக்க வேண்டும்.

அம்மா உணவகத்தில் அப்போது ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்கு சாம்பார் சாதமும் கிடைத்தது உங்களுக்குத் தெரியும். நல்ல திட்டம்தான். ஆனால் அங்கே நஷ்டத்தைத் தாங்கப் பின்னால் அரசாங்கம் நிற்கிறது. இந்தத் தாத்தாவுக்குப் பின்னால் யார்? கூடவே நின்று உழைத்தது அவர் சம்சாரம். அந்த அம்மா போன பிறகும் கடையை அவர் விடவில்லை.

இப்போது கடன் கதை.

நவம்பர் 8, ராத்திரி எட்டு மணி. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் டி.வி.யில் அறிவித்தார். வார்டு முழுக்க ஒரே சலசலப்பு. என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். ஆபரேஷன் செலவுக்கென்று அம்மா கொடுத்தனுப்பிய பணம். ஏழு ஐந்நூறு ரூபாய் நோட்டு, அப்புறம் நாலு ரூபாய் சில்லறை. ராத்திரி எட்டு மணிக்கு முந்தி நான் மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சத்துக்கு அதிபதி. எட்டரை மணிக்கு என் சொத்து நாலு ரூபாய்!

மறுநாள் பேங்க் லீவு, ஏ.டி.எம். மூடல். டீக்கடைக்காரர் ஐந்நூறைப் பார்த்ததும் பாம்பைப் பார்த்த மாதிரி கையை எடுத்துவிட்டார். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியிலேயே கஞ்சியும் ரொட்டியும் கிடைத்துவிட்டது. மத்தியானம் வரை தண்ணீர் குடித்து ஓட்டினேன். ஒரு மணிக்குக் கால் தானாக அண்ணா பஸ் ஸ்டாண்டு பக்கம் போனது.

சாப்பிட உட்காரலாமா, சொல்லிவிட்டு உட்காரலாமா என்று வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு லோடுமேன் அண்ணன் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

"செல்லாத நோட்டா? உக்காருங்க தம்பி, நாளைக்குக் குடுத்துக்கலாம். இங்க யாரு அதக் கேக்கப் போறா?"

உண்மைதான். யாரும் கேட்கவில்லை. தாத்தா நோட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார், இலையைப் போட்டார். அவ்வளவுதான் நடந்தது. முந்தின நாள் போலவே மூன்றாவது தடவை சாதம் விழுந்தது. மறுநாளும் அப்படியே. ஆக, இரண்டு சாப்பாடு, இருபது ரூபாய்.

அதற்கு அடுத்த நாள் அப்பாவை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். மாமா திடீரென்று வேன் கொண்டுவந்து நிறுத்தினார். போகிற அவசரத்தில் கடைப் பக்கம் போகவில்லை. பரமக்குடி தாண்டிய பிறகு அப்பாவிடம் சொன்னேன்.

"குடுக்காமயா வந்த?" என்றார். தையல் போட்ட வலியை விட அது அவருக்கு அதிகம் வலித்தது போலிருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகத் தன் நோட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொல்லி எழுதினார்: 'மதுரை ராமு அய்யா கடை. தரவேண்டியது ரூ. 20.'

பிறகு எனக்குச் சென்னையில் வேலை. ஊருக்குப் போகும்போதெல்லாம் மதுரை வழிதான். ஆனால் மாட்டுத்தாவணியில் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். அண்ணா பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு டவுன் பஸ் ஏறினால் போதும். அதைத்தான் நான் மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். இருபது ரூபாயா கொடுப்பது, இருபதாயிரம் கொடுப்போம், சம்பளம் கொஞ்சம் ஏறட்டும் என்று எனக்கு நானே ஒரு பெரிய மனுஷன் வேஷம் வேறு.

2020 ஜூலை. கொரோனா ஊரடங்கில் மதுரையே வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் சென்னையில் லுங்கியோடு ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் செய்தி வந்தது. ராமு தாத்தா காலமானார், வயது 91. படத்தைப் பார்த்தேன். அதே முகம்தான். லேப்டாப்பை மூடிவிட்டு அப்பாவுக்கு போன் போட்டேன். அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

போன சித்திரைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா வழக்கம்போலப் புதுநோட்டுக்குப் பழைய பாக்கிகளை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். பால்காரர், கேபிள், ஒரு சித்தப்பா. எட்டிப் பார்த்தேன். கடைசியில் அந்த வரி, அப்படியே: ரூ. 20.

"இன்னுமாப்பா இத எழுதுறீங்க? அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே!"

கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்:

"அவர் போயிட்டாரு. நீ இன்னும் குடுக்கலயே?"

அடுத்த பக்கத்தைத் திருப்பி, கோடு போட ஆரம்பித்தார்.