வராத படத்தின் டிவிடி

டிஸ்னியின் ‘ஜூடோபியா’ (2016) படத்தில் ட்யூக் வீசல்டன் என்றொரு ஆள் வருவான். கீரிப்பிள்ளை ஜாடை, திருட்டு முழி. தெருமுனையில் கடை பரப்பித் திருட்டு டிவிடி விற்பான். எல்லாப் படமும் இருக்கிறது, ரிலீஸே ஆகாத படம்கூட இருக்கிறது என்று கூவுவான். கதைக்கு அவனைப் பிடித்து விசாரிக்கிற அவசரம். எனக்கு அவன் பரப்பி வைத்திருக்கும் உறைகளை விட்டுக் கண் நகராது.

எல்லாம் டிஸ்னியின் படங்களேதான், மிருக வேடத்தில். ‘பிக் ஹீரோ 6’-ல் பன்றி ஹீரோவாகியிருக்கும். ‘ரெக்-இட் ரால்ஃப்’ காண்டாமிருகத்தின் கைக்குப் போய் ‘ரெக்-இட் ரைனோ’ ஆகியிருக்கும். ‘டாங்கிள்டு’, ‘ராங்கிள்டு’ ஆகியிருக்கும். ‘டாங்கிள்டு’ எடுத்த இருவரில் ஒருவரான பைரன் ஹோவர்டும், ‘ரெக்-இட் ரால்ஃப்’ எடுத்த ரிச் மூரும்தான் ‘ஜூடோபியா’வின் இயக்குநர்கள். தங்கள் படங்களுக்குத் தாங்களே திருட்டு டிவிடி போட்டிருக்கிறார்கள்! ட்யூக்குக்குக் குரல் கொடுத்த ஆலன் டுடிக், ‘ஃப்ரோஸன்’ படத்தில் வெசல்டன் பிரபுவாகப் பேசியவர். அவர் குரலிலேயே ‘ஃப்ரோஸன்’ இரண்டாம் பாகத்தின் திருட்டுப் பிரதியும் விலைக்கு வருகிறது.

நிஜத் தெருவில் கேமராவை வைத்தால் சுவரொட்டியும் பெயர்ப்பலகையும் கேட்காமலே ஃபிரேமுக்குள் வந்து விழும். அனிமேஷனில் ஒரு துண்டுக் காகிதம்கூடத் தானாக வராது. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து, வரைந்து, நிறம் கொடுத்தாக வேண்டும். சில நொடிகளில் ஓடிவிடும், பாதிப் பேர் பார்க்கவே மாட்டார்கள் என்று தெரிந்தும் யாரோ அந்த உறைகளுக்கு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

ட்யூக்கின் கடையைப் பார்த்ததும் எனக்குப் பர்மா பஜார்தான் ஞாபகம் வரும். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிழைப்புக்காக 1960-களின் கடைசியில், பாரிமுனைப் பக்கம் ராஜாஜி சாலையோரம் முளைத்த கடை வரிசை அது. நான் போன காலத்தில் அங்கே டிவிடி ராஜ்யம். அங்கே கிடைத்த உறைகள், கேலி செய்யும் எண்ணமே இல்லாத கேலிச் சுவரொட்டிகள். ஒரு தட்டில் ஐந்து படம் என்று ஐந்து நாயகர்களையும் ஒரே துப்பாக்கிச் சண்டையில் நிறுத்தியிருப்பார்கள். பின்பக்கம் வேறு ஏதோ படத்தின் கதைச்சுருக்கம், அதிலும் எழுத்துப் பிழைகள்.

“தியேட்டர் பிரிண்ட்டாண்ணே?”

“மாஸ்டர் பிரிண்ட் தம்பி. போய்ப் பாத்துட்டு வந்து பேசு.”

வீட்டில் போட்டால், கதாநாயகியின் முகத்துக்கு நேரே யாரோ எழுந்து பாப்கார்ன் வாங்கப் போவார்.

2004-லேயே தமிழ்நாட்டில் திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த வியாபாரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. என் ஏக்கமெல்லாம் உறைகளின் மேல்தான். கையில் எடுத்து, திருப்பி, இது என்ன கதையாக இருக்கும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வருவேன். வீடு வந்து சேர்வதற்குள் மனசுக்குள் ஒரு படம் ஓடி முடிந்திருக்கும். பல சமயம் தட்டில் இருந்த படத்தைவிட அது நன்றாகவே இருந்தது.

இன்று செயலியைத் திறந்து ஒரு படத்தின் மேல் நின்றாலே முன்னோட்டம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஊகிக்க இடமில்லை. பின்னணியில் ஒளித்துவைத்த வேடிக்கைகளையும் படம் வந்த அன்றே வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு யாராவது காட்டிவிடுகிறார்கள். ரிமோட்டும் கையுமாக, நிறுத்தி நிறுத்தி நாமே கண்டுபிடித்த காலம் போய்விட்டது.

ட்யூக் சொன்ன ‘ரிலீஸே ஆகாத படங்கள்’ மூன்று. ‘மியோவானா’வின் அசலான ‘மோவானா’ 2016 இறுதியிலேயே வந்துவிட்டது. ‘ஃப்ளோட்ஸன் 2’-இன் அசலான ‘ஃப்ரோஸன் 2’, 2019-ல் வந்தது. மூன்றாவது ‘ஜிராஃபிக்’. அது ‘ஜைகான்டிக்’ என்ற படத்தின் நையாண்டி. ஜாக்கும் மாய அவரைக்கொடியும் கதையை ஸ்பெயின் நாட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்வதாக 2015-ல் அறிவித்தார்கள். ‘டாங்கிள்டு’ படத்தில் ஹோவர்டின் கூட்டாளியாக இருந்த நேதன் கிரேனோ இயக்குவதாக இருந்தது. 2017 அக்டோபரில் டிஸ்னி அதைக் கைவிட்டது. அசல் பிறக்கவே இல்லை. கேலி மட்டும் தங்கிவிட்டது.

மற்ற ஐந்துக்கும் அசல் உண்டு, நினைத்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். ‘ஜிராஃபிக்’குக்கு உறை மட்டும்தான். கொடி எவ்வளவு உயரம் போயிருக்கும், மேலே இருந்த ராட்சசன் நல்லவனா கெட்டவனா, எல்லாம் நானே ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பஸ்ஸில் பார்த்த அந்தப் பழைய வேலையை எனக்கு இன்னும் மிச்சம் வைத்திருப்பது, எடுக்காமலே விட்ட இந்த ஒரு படம்தான்.