அத்தையோடு கும்பகோணம் பார்த்தேன்

"இந்த லீவுக்கு நாம எங்கேம்மா போறோம்?"

பரீட்சை முடிந்து வந்த அன்றைக்கே என் பையன் ஆரம்பித்துவிட்டான். எதிர் வீட்டில் ஊட்டிக்குப் போகிறார்கள். மாடி வீட்டில் கொடைக்கானல். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் பெரிய விஷயம்தானே!

"எங்கேயும் போகலைடா. அப்பாயிக்கு இப்பத்தான் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு. தனியா விட்டுட்டுப் போக முடியுமா?" என்றேன்.

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. உண்மையைச் சொன்னால், எனக்கும்தான். வருஷத்துக்கு ஒரு தடவை அடுப்படியை விட்டு நாலு நாள் வெளியே போவது நமக்கெல்லாம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

நான் திருச்சிப் பெண். கல்யாணமாகிக் கும்பகோணத்துக்கு வந்து 13 வருஷமாகிறது. நவக்கிரகக் கோயில்களுக்கென்று சொந்தக்காரர்கள் வந்தபடியே இருப்பார்கள். விடியற்காலையில் எழுந்து இட்லி வார்த்து, புளிசாதம் கட்டிக் கொடுத்து அனுப்புவேன். ராத்திரி திரும்பி வந்து, எதைப் பார்த்தோம், எங்கே என்ன வாங்கினோம் என்று கதை கதையாகச் சொல்வார்கள். கும்பகோணத்தை நான் பார்த்ததைவிட, என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் அதிகம் பார்த்திருப்பார்கள்!

எனக்குத் தெரிந்ததெல்லாம் காய்கறிக் கடை, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு நெரிசல். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் மாமியார் கோலம் போடுவதில் கெட்டிக்காரி. 21 புள்ளி வைத்து, கையை எடுக்காமல் சிக்குக் கோலம் இழுப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், "இனிமே நீயே போடும்மா" என்று கோலமாவு டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் கோபம். 'வேலையைத் தள்ளிவிடுகிறார்' என்று நினைத்தேன். அதற்குப் பிறகு, அவர் தேய்த்த பாத்திரத்தில் பிசுக்கு ஒட்டியிருக்கும். அவர் புடைத்த அரிசியில் கல் கிடக்கும். நான் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் அவர் தேய்த்து வைத்த பாத்திரத்தை அவர் காதில் விழும்படி 'டங் டங்'கென்று மறுபடி தேய்த்திருக்கிறேன். அத்தையும் ஒன்றும் சொன்னதில்லை.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் வாசற்படியில் ஒரு படி தெரியாமல் காலை வைத்து விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. கண்ணைக் காட்டலாமே என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை. பரிசோதித்த டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்தக் கண்ணோட இத்தனை நாள் எப்படிம்மா அடுப்படியில நின்னாங்க?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தெளிவாக இருக்க வேண்டும். வயதாக ஆக அது மெல்ல மெல்ல மங்குவதுதான் புரை. வலி இருக்காது. அதனால்தான் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. நிறங்கள் வெளுத்துப் போகும். ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குச் சீக்கிரமே வரலாம். மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

பங்குனியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. மறுநாள் கட்டைப் பிரித்ததும் அத்தை என்னைத்தான் முதலில் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சொட்டு மருந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது என்று ஒரு மாதம் ஓடிற்று. சித்திரை பிறந்ததும் நடக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்றைக்கு அத்தை மெதுவாகக் கேட்டார்: "என்னை ஒரு நடை ஊருக்குள்ள கூட்டிட்டுப் போறியா?"

"எந்தக் கோயிலுக்கு அத்தை?"

"கோயிலுக்குன்னு இல்லை. சும்மா, எல்லாத்தையும் பார்க்கணும்."

இப்படித்தான் எங்கள் லீவுப் பயணம் தொடங்கியது. அத்தை, பையன், நான். செலவு என்று பார்த்தால் அத்தைக்கு வாங்கிய கறுப்புக் கண்ணாடி ஒன்றுதான்!

முதல் நாள் எங்கள் தெருவைத் தாண்டவே இல்லை. காலை ஆறு மணி. வாசல் தெளித்த ஈரம் காயவில்லை. அத்தை ஒவ்வொரு வாசலாக நின்று கோலம் பார்த்தார். "இது அரிசி மாவு, எறும்பு வந்திருக்கு பாரு. அது கல்லு மாவு." இன்னொரு வாசலில் நின்று, "இந்த வீட்டுப் பொண்ணு ஊர்லேர்ந்து வந்திருக்கா. இது மாமியார் கை இல்லை, இழை மெலிசா இருக்கு" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, அந்தப் பெண் நிறைமாத வயிற்றோடு வெளியே வந்து, "வாங்க ஆச்சி, கண்ணு நல்லாத் தெரியுதா?" என்று சிரித்தாள். கையெழுத்தைப் போலக் கோலத்துக்கும் ஆள் அடையாளம் உண்டு என்பது 13 வருஷமாக அதைத் தாண்டித் தாண்டி நடந்த எனக்குத் தெரியாமல் போயிற்றே!

மறுநாள் சாரங்கபாணி கோயில். 11 நிலை ராஜகோபுரத்தைப் பையன் விரல் விட்டு எண்ணினான். அத்தையோ கோபுரத்துப் பொந்துகளில் வந்து உட்காரும் கிளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு வருஷமா சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. பச்சையை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். உள்ளே கருவறையே தேர் மாதிரி கட்டப்பட்டிருக்கிறது. கல் சக்கரங்கள், இழுத்துப் போகிற கல் குதிரைகள், யானைகள். கூட்டத்தில் இடிபட்டுக் கும்பிட்டு வரும்போது இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

அந்தச் சன்னதித் தெருவில்தான் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. 1887-இல் ஈரோட்டில் பிறந்தாலும், அவர் படித்ததும் வளர்ந்ததும் எங்கள் ஊரில்தான். அப்பா துணிக்கடையில் கணக்கெழுதியவர். திண்ணையும் ஓட்டுக் கூரையுமாகச் சின்ன வீடு. இப்போது நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். தெருவைப் பார்த்த ஒரு ஜன்னலும், அதன் பக்கத்தில் ஒரு கட்டிலும் இருக்கின்றன. பையன் அந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கேர்ந்து தெருதானே அப்பாயி தெரியுது, வேற ஒண்ணும் இல்லையே?" என்றான். "அவருக்கும் இதே தெருதாண்டா தெரிஞ்சிருக்கும்" என்றார் அத்தை.

சித்திரை 11, 12, 13 தேதிகளில் நாகேஸ்வரன் கோயிலில் காலைச் சூரியனின் கதிர் கருவறை வரை சென்று லிங்கத்தின் மேல் விழும். அந்த நாளில் நல்ல கூட்டம். தரிசனம் முடிந்து எல்லோரும் கிளம்பியதும், அத்தையை உட்கார வைக்க நிழல் தேடிச் சுற்றுப் பிரகாரத்துக்குப் போனேன். அங்கேதான் அந்தப் பெண்களைப் பார்த்தேன். வெளிச்சுவர் மாடங்களில் நிற்கும் சிலைகளைத்தான் சொல்கிறேன். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி, ஆதித்த சோழன் காலத்து வேலை என்கிறார்கள். அரச குடும்பத்தார் என்றும், ராமாயணத்துப் பாத்திரங்கள் என்றும் ஆராய்ச்சியாளர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். நமக்கு அதுவா முக்கியம்? அந்தக் கொண்டையின் அழகு, துணி மடிப்பு, இடுப்பைச் சற்றே ஒடித்து நிற்கும் நிலை! வேலையெல்லாம் முடித்துவிட்டு வாசலில் வந்து காற்று வாங்குகிற நம் வீட்டுப் பெண் மாதிரி ஒருத்தி நிற்கிறாள். ஆயிரத்து நூறு வருஷமாக நிற்கிறாள். என் வீட்டிலிருந்து பத்தே நிமிஷ நடை.

ஒரு சாயங்காலம் மகாமகக் குளம். 12 வருஷத்துக்கு ஒரு தடவை ஊரே கொள்ளாத கூட்டம் வரும். 2016-இல் வந்தது, அடுத்தது 2028-இல். ஆனால் இடையில் இருக்கிற சாதாரண நாள்களில் இந்தக் குளம் எப்படி இருக்கும் தெரியுமா? நான்கு கரையிலும் 16 மண்டபங்கள். நாயக்க மன்னர்களின் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர் கட்டியவை. வெயில் சாயும்போது அவற்றின் நிழல் தண்ணீரில் நீளமாக விழும். படிக்கட்டில் ஒரு பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு மண்டபத்தைக் காட்டினாள். 16 வாய் சோறு உள்ளே போய்விட்டது! இளம் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய யுக்தி.

இன்னொரு நாள் கும்பேஸ்வரர் கோயிலுக்குள் போகும் நீண்ட மண்டபத்துக் கடைகள். குங்குமம், வளையல், மரச்சொப்பு, பித்தளைக் குத்துவிளக்கு. விளக்கு வாங்கவில்லை. அதன் மேல் விழுந்த வெளிச்சத்தை அத்தை பார்த்தார், அது போதாதா? வழியில் வெற்றிலைக்காரம்மா கவுளி அடுக்கிக்கொண்டிருந்தார். 100 இலை ஒரு கவுளி. காவிரிக்கரைக் கொடிக்கால்களில் அகத்தி மரத்தில் படரவிட்டு வளர்க்கும் இளம் பச்சை வெற்றிலை. 2025-இல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அவர் கை இலையை எண்ணுகிற வேகத்தில் நம் கண்ணால் தொடர முடியவில்லை. எண்ணும்போதே பழுத்த இலையும் கிழிந்த இலையும் தனியே போய் விழுந்தன. "பார்த்தா எடுக்கறீங்க?" என்று கேட்டேன். "விரலுக்கே தெரியும்மா" என்றார்.

அதைக் கேட்டு அத்தை சிரித்தார். "நானும் மூணு வருஷம் அப்படித்தான் சமைச்சேன்" என்றார்.

அதைச் சொன்ன குரலில் துளிக்கூடக் குறை இல்லை. ஆனால் நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். "ஏன் அத்தை என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லலை?" என்று கேட்டேன்.

"உனக்கே ஆயிரம் வேலை. இதுல என் கண்ணு வேறயா?"

அன்றைக்கு ராத்திரி வெகு நேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள், அணையில் தண்ணீர் இருந்தால். கல்லணையைத் தாண்டி எங்கள் ஊர் வந்து சேரச் சில நாளாகும். தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் பகவத் படித்துறைக்குப் போனோம். முந்தின வாரம் வரை பையன்கள் கிரிக்கெட் ஆடிய மணல் அது. சருகும் நுரையுமாகப் புதுத்தண்ணீர் படியில் ஏறிக்கொண்டிருந்தது. என் பையன் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே பின்னால் வந்தான். அத்தை கொஞ்சம் குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்த்துவிட்டு மறுபடி ஆற்றிலேயே விட்டார்.

"ஊட்டியிலே ஆறு இருக்காம்மா?" என்றான் பையன். கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் மறுபடி படி எண்ணப் போய்விட்டான்.

வாசக சகோதரிகளே, வெளியூர் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசதி இருக்கும்போது அவசியம் போங்கள். ஆனால் அதுவரை வாரத்துக்கு ஒரு தெரு என்று வைத்துக்கொண்டு உங்கள் ஊரைப் பாருங்கள். காலை ஆறிலிருந்து ஏழுக்குள் கிளம்புங்கள். செல்போனை வீட்டில் வையுங்கள். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள், அவர்கள்தான் கேள்வி கேட்பார்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். அவர்கள் படியில் தடுமாறினாலோ, நிறத்தை மாற்றிச் சொன்னாலோ, பழக்கமான வேலையைத் திடீரென்று விட்டுவிட்டாலோ, கோபித்துக்கொள்ளாமல் முதலில் கண்ணைக் காட்டுங்கள். நான் மூன்று வருஷம் தாமதித்தேன்.

போன வெள்ளிக்கிழமை காலை நான் எழுந்து வருவதற்குள் வாசலில் கோலம் போட்டாயிருந்தது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "புள்ளி சரியா இருக்கான்னு பாரும்மா. இன்னும் ஒரு கண்ணு பாக்கி இருக்கு" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். 21-ம் சரியாக இருந்தது.