ஞாயிறும் திங்களும்

வாரவிடுமுறை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சனியும் ஞாயிறும் எல்லார்க்கும் பொதுவான ஓய்வு நாள்கள் என்னும் எண்ணம், மாதச் சம்பளம் பெறும் ஆசிரியரிடத்தும் எழுதுவினைஞரிடத்தும் ஆழ வேரூன்றியுள்ளது. சந்தையில் மூடை சுமப்பவருக்கும், ஆஸ்பத்திரியில் இராக்கடமை பார்க்கும் தாதிக்கும், புடைவைக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்யும் பெண்ணுக்கும் அவ்விரு நாள்களும் ஏனைய நாள்களிலும் கடுமையானவை. இது யாரும் அறியாத செய்தியன்று. ஆயினும், நண்பர்கள் கூடி ஒரு பிரயாணத்துக்கு நாள் குறிக்கும்பொழுதுதான் இந்த உண்மை ஏட்டிலிருந்து இறங்கி எம்முன் வந்து உட்காருகிறது.

நாம் ஒன்பது பேர். மாதமொருமுறை வாசிகசாலையிற் கூடி, படித்த நூல்களைப் பற்றிப் பேசுவதால் வளர்ந்த நட்பு. ஆசிரியர் ஐவர், அவருள் இருவர் பெண்கள், ஒருவர் நெடுந்தீவைச் சேர்ந்தவர். எஞ்சியோர் ஒரு தாதி, ஒரு வங்கி உத்தியோகத்தர், ஒரு பல்கலைக்கழக மாணவர், இரும்புக்கடை ஒன்றிற் சிப்பந்தியாகவுள்ள நண்பர் ஒருவர். எம்மெல்லாரிலும் அதிகம் வாசித்தவர் இந்தக் கடைசி நண்பரே என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம். இரண்டு நாள் நெடுந்தீவிற் கழிக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது ஒன்பது பேரும் ஒருமுகமாகச் சம்மதித்தோம். ஒருமுகம் அந்த ஒரு கணத்தோடு முடிந்தது.

சனிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு மாலை திரும்பலாம் என்றார் ஓர் ஆசிரியர். அதற்கு இரும்புக்கடை நண்பர், “சனிக்கிழமைதான் மேசன்மார் எல்லாம் சாமான் எடுக்க வாற நாள், மாஸ்டர். அண்டைக்கு முதலாளி விடமாட்டார். நீங்கள் போட்டு வாங்கோ, நான் பிறகொருக்கால் பாக்கிறன்” என்றார். எவ்விதக் கசப்புமின்றிச் சொன்னார். பல ஆண்டுகளாக இதையே சொல்லிப் பழகியவரின் குரல் அது.

கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்வோருக்கு வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு கொடுக்கப்பட வேண்டும் என்று இந்நாட்டிற் சட்டம் உண்டு. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் அது. நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வேலைநேரத்தையும் அது வரையறுக்கிறது. எமது நண்பருக்கு அந்த ஒரு நாள் கிடைக்கிறது. அரை நாளை அவர் கண்டதில்லை. கேட்டுப் பார்க்கலாமே என்றார் மாணவர். “கேக்கலாம் தம்பி. கேட்ட பிறகு எங்கை வேலை செய்யிறது?” என்ற பதிலோடு அந்த விவாதம் நின்றது.

வாராந்த ஓய்வு எவருடைய கருணையினாலும் வந்ததன்று. ஆலைத் தொழிலாளருக்கு ஏழு நாளில் ஒரு நாளேனும் ஓய்வு வேண்டுமென்ற சர்வதேச உடன்படிக்கை 1921 இலேயே செய்யப்பட்டது. 1936 இல் பிரான்சிலே தொழிலாளர் ஆலைகளைத் தம் வசமாக்கிக்கொண்டு வேலைநிறுத்தம் செய்ததன் பின்னரே, சம்பளத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறை அங்கே சட்டமாயிற்று. அந்தக் கோடையில் வாழ்விலேயே முதன்முறையாகக் கடலைக் கண்ட குடும்பங்கள் அநேகம். தீவில் வாழும் எமக்குக் கடல் காண்பது பெரிய காரியமல்ல என்று தோன்றலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பண்ணைப் பாலத்துக்கு அப்பால் ஒருபோதும் போகாத கடைச் சிப்பந்திகளை நாம் அறிவோம்.

நாள் பிரச்சினைக்கு வழிகண்டவர் தாதியாகப் பணிபுரியும் சகோதரி. அவருக்கு எந்தக் கிழமையும் விடுமுறையன்று. மூன்று வாரத்துக்கு முன் சொன்னால் எந்த இரண்டு நாளையும் சக தாதியருடன் மாற்றிக்கொள்ளலாம். “எனக்கு எந்த நாளும் ஒண்டுதான். லீவு கிடைக்க ஆகக் கஷ்டமான ஆள் ஆரோ, அவற்றை நாளைப் பாருங்கோ” என்றார். நாள்காட்டி புரட்டப்பட்டது. எமது நண்பரின் கடை ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் பூட்டப்படும். ஆகவே திங்கட்கிழமையில் வரும் ஒரு போயா நாளைத் தேடினோம். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் சனி ஞாயிறு நீக்கப்பட்டு, போயா நாளும் அதற்கு முந்திய நாளுமே வாரவிடுமுறையாக இருந்தன. கிழமை தவறிப்போன அந்த ஐந்தாண்டுக் குழப்பத்தை முதியோர் இன்றும் சிரிப்போடு நினைவுகூர்வர். அரசாங்கம் கைவிட்ட அந்த ஏற்பாடு ஒருமுறையாவது எமக்குக் கைகொடுத்தது. போயாவன்று மதுக்கடைகள் மூடியிருக்கும் என்பதை எண்ணி ஒருவர் பெருமூச்செறிந்தார். அந்தப் பெருமூச்சு கூட்டக் குறிப்பிற் சேர்க்கப்படவில்லை.

இப்பொழுது இடர்ப்பட்டோர் ஆசிரியர்கள். எம்முள் இருவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் வகுப்புகள் உண்டு. ஒரு ஞாயிறு தவறினால் வருமானமும் தவறும், பெற்றோரும் முணுமுணுப்பர். ஒருவர் உடனே இணங்கினார். மற்றவர் இணங்க ஒரு வாரம் சென்றது. அவரைக் குறைகூற நாம் விரும்பவில்லை. 2022 இன் நெருக்கடிக்குப் பின்னர், சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தும் ஆசிரியர் எத்தனை பேர்? ஆனால் அந்த வகுப்பிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிறு கிடைத்தது என்பதையும் அவருக்கு எடுத்துச் சொன்னோம். எமது மாணவருக்கு ஞாயிறென்று ஒன்று உண்டா என்பது தனிக்கட்டுரைக்குரிய பொருள்.

அடுத்தது பணம். செலவு முழுவதையும் ஒன்பதாற் பிரிப்போம் என்றார் வங்கி நண்பர். கணக்கின்படி அது சமம்தான். ஆனால் அவருக்கு அரைநாட் சம்பளமாகும் தொகை, இரும்புக்கடையில் மூன்று நாட் கூலி. மாணவருக்கோ வருமானமே இல்லை. இதை ஒருவர் எடுத்துச் சொல்ல, “அப்ப அவையின்ரை பங்கை நாங்கள் போடுவம்” என்றார் அவர், நல்லெண்ணத்துடனேயே. இரும்புக்கடை நண்பரின் முகம் மாறியது. “எனக்கு ஒருத்தரும் காசு போடத் தேவையில்லை.”

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பின்னர் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒரு யோசனை கூறினார்: ஒவ்வொருவரும் தத்தம் ஒரு நாள் உழைப்பைத் தருவது. எவருக்கு ஒரு நாளுக்கு எவ்வளவோ அவ்வளவு. வங்கி நண்பர் கொப்பியிற் கணக்குப் பார்த்து, “எனக்கு ஆகக் கூட வருது. அப்ப மீன் பொரியலும் எனக்குக் கூடத் தரவேணும்” என்றார். சிரித்தோம். இரும்புக்கடை நண்பரும் சிரித்தார். “ஒரு நாள் எண்டால் சரி. என்ரை நாளும் உங்கடை நாளும் ஒரே நீளம்தானே.” மாணவர் கணக்குக் கொப்பியைப் பொறுப்பேற்றார். ஒன்பது கூறாக்குவதிலும் இந்த முறையில் தொகை சற்றுக் குறைவாகவே திரண்டது. அதனால் வாடகை வானைக் கைவிட்டு, குறிகட்டுவான் வரை பஸ்ஸிலேயே செல்வதென முடிவாயிற்று. வேலணை கடந்து வாணர் தாம்போதியில் இருபுறமும் நீர் விரிந்து கிடக்கையில், பஸ் யன்னலோரத்தில் இருப்பது வானில் இருப்பதிலும் தாழ்ந்ததன்று.

உணவைப் பற்றிய பேச்சு வந்தபோது ஆண்கள் அறுவரும் மிக உற்சாகமாயினர். இடியப்பம், சொதி, கணவாய்க்கறி, ஒடியற்கூழ் என்று பட்டியல் நீண்டது. அவற்றை யார் சமைப்பது என்ற கேள்வி மட்டும் எழவில்லை. விடை முன்னரே தீர்ந்துவிட்டதுபோல எல்லாருடைய பார்வையும் ஒரு பக்கம் திரும்பியது. “சமைக்கிறதெண்டால் நாங்கள் வீட்டிலையே நிக்கலாமே” என்றார் ஆசிரியை. இவ்வொரு வாக்கியத்துக்கு மறுமொழி சொல்லக்கூடியவர் எம்மிடையே இருக்கவில்லை. பெண் விடுதலை பற்றி வாசிகசாலையில் நாம் பேசிய பேச்சுகளின் மொத்த எடையை இதனோடு நிறுத்துப் பார்க்கலாம். ஞாயிறு மதியம் தீவிலுள்ள ஒரு வீட்டிற் பணம் கொடுத்துச் சமைப்பிப்பது, இரவுக் கூழை ஆண்கள் காய்ச்சுவது, கூழ் பிழைத்தால் பாணும் சம்பலும் உண்பது என்று தீர்மானிக்கப்பட்டது. இரு ஆசிரியைகளுள் ஒருவருக்குக் கைக்குழந்தை உண்டு. கணவர் இரண்டு நாள் குழந்தையைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாமியார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவு நேரமும் நெடுந்தீவு நண்பர் மௌனமாக இருந்தார். வற்புறுத்திக் கேட்டபோதுதான் வாய் திறந்தார். “நீங்கள் வாறது சந்தோஷம். ஆனால் ஞாயிறு காலமைப் படகிலை எங்கடை சனம் ஏறட்டும், பிறகு நீங்கள் ஏறுங்கோ.”

அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள, அந்தத் தீவின் நிலைமை தெரிந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய நெடுந்தீவு யாழ்ப்பாணத்துப் பெரிய தீவுகளுள் ஒன்று. குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். பாலமில்லை. அரிசி மூடையும் எரிவாயுச் சிலிண்டரும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் நோயாளியும் அந்தப் படகில்தான் வரவேண்டும். 2022 இல் எரிபொருள் இல்லாதபோது தரையில் வாழ்வோர் வரிசையில் நின்றார்கள். தீவார் கடலின் மறுகரையில் நின்றார்கள். விடுமுறை நாள்களிற் சுற்றுலாக் கூட்டம் நெருக்கும்போது, தம் வீட்டுக்குப் போகும் மக்களே மூட்டைகளோடு மேற்றட்டு வெயிலில் நிற்க நேர்வதுண்டு. உல்லாசப் பிரயாணிக்கு அது கடற்காற்று வாங்கும் படகு. தீவாருக்கு அது தெரு.

அந்தக் கடற்பாதைக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1985 மே 15 ஆந் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தைகள், பெண்கள், முதியோர் உட்பட அதிலிருந்தோர் பலர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். கொன்றவர் கடற்படையினர் என்று உயிர்தப்பியோர் சாட்சியம் சொன்னார்கள். மாவிலித்துறையில் நினைவுச்சின்னம் இருக்கிறது. படகில் மேளமடித்துப் பாடிக்கொண்டு போகலாம் என்று ஆர்வத்தோடிருந்த மாணவர், இதைக் கேட்டபின் மேளத்தைப் பற்றிப் பேசவில்லை. தீவு நண்பரோ, “பாட்டைக் கரையிலை வைச்சுப் பாடுங்கோ, எங்கடை பெடியளும் வந்து சேருவாங்கள்” என்றார்.

பின்பு தண்ணீர். முருகைக்கல்லாலான அந்தப் பூமியிற் கிணறுகள் பல உவர்; நன்னீர் சாராப்பிட்டி போன்ற சில இடங்களிலேயே கிடைக்கிறது. கடும் வரட்சியிற் கட்டாக்காலிக் குதிரைகள் நீரின்றி மடிந்த செய்திகளைப் பத்திரிகைகளிற் படித்திருக்கிறோம். அத்தகைய ஊரில் ஒன்பது பேர் இரண்டு நாள் குளித்து, குடித்து, போத்தல்களை எறிந்துவிட்டு வருவதற்குப் பெயர் விருந்தாகாது. குடிநீரை நாமே கொண்டு செல்வது, குளிப்பு கடலோடு சரி, போத்தல்கள் திரும்பக் கொண்டுவரப்படும் என்று எழுதிக்கொண்டோம்.

பருவத்தையும் அவரே சொன்னார். சோளகம் எழுந்தபின் கடல் பெருக்கெடுக்கும். மாரி விட்டபின் மாசியும் பங்குனியும் நல்லவை. கச்சதீவு அந்தோனியார் திருவிழா வரும் வாரத்தை விலக்க வேண்டும். அவ்வேளை குறிகட்டுவானில் கால்வைக்க இடமிராது.

எதைப் பார்ப்பது என்பதில் அதிக நேரம் செலவாகவில்லை. வரலாற்று ஆசிரியர் ஒன்பது இடங்களைக் குறித்து வந்திருந்தார். பாழடைந்த கோட்டை, பெருக்கமரம், குதிரைகள், கல்லடுக்கிய வேலிகள் ஆகிய நான்கோடு நிறுத்தினோம். வேலணைக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம் என்று ஒல்லாந்தர் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டியதையும், அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் மட்டும் ஆங்கிலத்தில் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருப்பதையும் அவர் பஸ்ஸிலே விளக்குவாராம். கேட்பதா உறங்குவதா என்பது அவரவர் சுதந்திரம்.

பிரயாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தாதி நாள் மாற்றிக்கொண்டுவிட்டார். நெடுந்தீவு நண்பரின் தாயார் எம்மிடம் கொடுத்தனுப்பும்படி கேட்டிருப்பவை: மரக்கறி ஐந்து கிலோ, நுளம்பு வலை ஒன்று, கிளினிக்கில் எழுதிக்கொடுத்த மாத்திரை, கிணற்றுக் கப்பிக்குக் கயிறு. கயிற்றைத் தம் கடையிலேயே எடுத்துத் தருவதாக இரும்புக்கடை நண்பர் சொல்லியிருக்கிறார். மரக்கறி வங்கி நண்பரின் சுமை. மற்றையோர் தண்ணீர்க் கலன்களைத் தூக்க வேண்டும்; மாமியார் இசைந்தால் அதற்கு ஆறு பேர், இல்லையேல் ஐவர்.